கால் மாறி நடந்தவர்

அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று முதலில் அறிவித்தவன் என் அண்ணன். அவன் இருப்பது வேறு ஊரில், அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்குகிற ஒரு மாடியில். வாரத்துக்கு ஒரு முறை போனில் பேசுகிறவன். தினமும் வந்து போகிற எனக்குத் தெரியாத மறதி அவனுக்குப் போன் வழியாகத் தெரிந்துவிட்டதாம். எரிச்சல் வருமா வராதா?

அதைவிட எரிச்சல், அவன் சொன்னதில் பாதி உண்மை என்பது. அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள், பாத்திரம் கரிக்கட்டையாகிவிட்டது. இன்னொரு நாள் கதவைத் தட்டிய தபால்காரரிடம் "ஏங்க, வந்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பையனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. வெலவெலத்துப் போய், கொண்டு வந்ததை வாசலில் போட்டுவிட்டு ஓடிவிட்டான். அம்மா இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"வீட்டப் பூட்டிட்டு அம்மாவ எங்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன்," என்றான். "நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது? நீயா?"

அண்ணன் தணிக்கையாளன். அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கு அவனுக்குச் சம்பளம். நல்லவன்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். நல்லவனாக இருப்பதால்தான் அவனோடு முழு மூச்சாகச் சண்டை போட முடிவதில்லை. ஆனால் அம்மாவை அந்த வீட்டை விட்டுப் பெயர்த்தால் அவள் பிழைக்க மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். முன் அறை அப்பாவின் முடிதிருத்தும் கடை. பின்னால் நாங்கள் வளர்ந்த இரண்டு அறைகள். அப்பா போன பிறகு கடையின் ஷட்டரை இறக்கியதோடு சரி; உள்ளே சுழல் நாற்காலி, பக்கச் சுவர் முழுக்க அடைத்த கண்ணாடி, சீப்புப் போடுகிற கண்ணாடித் தம்ளர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அம்மா தினமும் போய்க் கண்ணாடியைத் துடைப்பாள். "இல்லேன்னா அவர் வந்து திட்டுவார்" என்பாள், விளையாட்டாகத்தான். அண்ணன் அதையும் மறதிக் கணக்கில் ஏற்றிக்கொண்டான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. அப்பா வைத்த பட்டம் 'ஆணி'. குத்துகிற மாதிரிப் பேசுவேனாம். அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, பிழைப்பும் ஆணியோடும் திருகாணியோடும் என்றே ஆகிவிட்டது. பழைய இரும்புக் கடைகளில் கிடக்கிற சைக்கிள் பல்சக்கரம், தையல் மெஷின் உறுப்புகள், கடிகாரத்தின் குடல், மின்விசிறியின் எலும்பு என்று பொறுக்கிக்கொண்டு வந்து அசைகிற உருவங்கள் செய்கிறேன். கைப்பிடியைச் சுற்றினால் கொக்கு மீன் பிடிக்கும். கிழவர் குடை விரிப்பார். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் நீந்துகிற மீன் கூட்டம் என்னுடையது. நூலகத்தில் ஓடுகிற குதிரையும் என்னுடையதுதான். அண்ணன் இதையெல்லாம் 'இரும்புப் பொம்மை' என்பான். சொல்லட்டும். அவன் சரி பார்த்த கணக்கைப் பார்த்து எந்தக் குழந்தையாவது கைதட்டியிருக்கிறதா?

ஒரு நாள் மத்தியானம் காய் நறுக்கிக்கொண்டே அம்மா கேட்டாள்.

"ஏண்டி ஆணி, கொக்க குனிய வைக்கிற, குதிரைய ஓட வைக்கிற. உங்கப்பாவ ஒரு தடவ நடக்க வச்சுக் காட்ட மாட்டியா?"

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் முகத்தில் கேலி இல்லை.

"முகம் போட்டோவுல இருக்கு. குரல் காதுலயே இருக்கு. நடைதான்டி... கண்ண மூடினா வருது, தொறந்தா போயிடுது. உங்கண்ணன் வீட்டுக்குப் போயிட்டா அதுவும் வராதோன்னு பயமா இருக்கு."

அம்மா பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பாம்பை விளக்குமாறால் விரட்டியவள் அவள். "அதுக்கென்ன, பண்ணிட்டாப் போச்சு" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

அப்பாவின் நடை லேசில் மறக்கிற நடை இல்லை. இளவயதில் சைக்கிளோடு ஒரு பள்ளத்தில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாராம். காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாள் முழுக்க நின்று சாயங்காலம் ஆனால்தான் ஒரு கால் கொஞ்சம் தாமதமாக வரும். நல்ல கால் முன்னால் போய்க் காத்திருக்கும், இது சாவகாசமாக வந்து சேரும். அந்தக் காத்திருப்பில் கத்தரிக்கோல் சும்மா ஒரு தடவை காற்றை வெட்டும். ஒரு அடி, ஒரு 'கிச்'. இன்னொரு அடி, இன்னொரு 'கிச்'. இப்படியே நாற்காலியைச் சுற்றி வருவார்.

அந்த நடை கடைக்குள் மட்டும்தான். வெளியே எங்கே போனாலும் சைக்கிள், சைக்கிளில் ஏறிவிட்டால் தாங்கி நடப்பது யாருக்குத் தெரியும்? கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் வந்தால் சுவரில் சாய்ந்து காலை நீட்டிவிடுவார், அப்புறம் மலையே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். கடைக்குள்ளோ எங்களுக்கு அனுமதி இல்லை. "பெரியவங்க பேசுற இடம். உள்ள கால் வச்சா காத நறுக்கிடுவேன்" என்று கத்தரிக்கோலை ஆட்டிக் காட்டுவார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு இருக்கிறது. அதன் பின்னால் ஒரு குட்டை பெஞ்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் அண்ணனும் அதில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுத வேண்டும். தடுப்பின் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி. அது போதும் எங்களுக்கு.

அந்த இடைவெளி வழியாகத்தான் உலகத்தையே தெரிந்துகொண்டோம். சோப்பு நுரை வாசனை, படிகாரக் கல்லின் ஈர வாசனை, பவுடர். யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் பல் கட்டிக்கொண்டார்கள், எல்லாச் செய்தியும் எங்களுக்குத்தான் முதலில் வரும். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளுவோம். அண்ணன் தன் கணக்கை முடித்துவிட்டு என் கணக்கையும் போட்டுத் தருவான். எனக்கு அப்போதே கணக்கு வராது. வெளியே இருட்டும்போது அப்பா ஒரே ஒரு விளக்கைப் போடுவார். அடி, கிச், அடி, கிச். அந்தப் பெஞ்சில் நான் இருந்த மாதிரி சந்தோஷமாக வேறு எங்கேயும் இருந்ததில்லை.

இனி வேலை. ஆள் என் இடுப்பு உயரம். முதுகெலும்பு ஒரு சைக்கிளின் முன் சக்கரத்துக் கவை. கை கால்களுக்கு பிரேக் கம்பிகளும் கதவுக் கீல்களும். வளைந்த முதுகுக்குக் குடைக் கம்பிகள். தலைக்கு அப்பாவின் சைக்கிள் மணி மூடி, கவிழ்த்து, சற்று முன்னால் சாய்த்து. முகம் வைக்கவில்லை, முகம் வைத்தால் பொம்மையாகிவிடும். கீழே வட்டமாக ஒரு சைக்கிள் ரிம், அதுதான் தண்டவாளம். நடுவில் குட்டி நாற்காலி. தையல் மெஷினின் கைச்சக்கரத்தைச் சுற்றினால் அவர் நாற்காலியைச் சுற்றி நடப்பார். ஒவ்வொரு காலுக்கும் ஒரு முட்டை வடிவச் சக்கரம் உள்ளே இருக்கிறது. முட்டையின் மேடு வரும்போது கால் தூக்கும். தாமதிக்கிற காலுக்கான முட்டையில் மட்டும் அரத்தால் ஒரு பள்ளம் ராவினேன். அந்தப் பள்ளத்தை ராவியே எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கொஞ்சம் அதிகமானால் குடிகாரர் மாதிரி வந்தது, குறைந்தால் போலீஸ்காரர் மாதிரி வந்தது.

எந்தக் கால் என்று அம்மாவைக் கேட்கவில்லை. நேராகக் காட்டி அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அப்பா எந்தக் கால தாங்குவார்?"

"இடது கால். இதக் கேக்க ஒரு போனா?"

"கத்தரிக்கோல்?"

"இடது கை. சாப்பிடுறது வலது, வெட்டுறது இடது. எங்கப்பாவுக்கு ரெண்டு கையும் பேசும்னு ஸ்கூல்ல பீத்திக்கிட்டே திரிவோமே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. என் கண்ணுக்குள்ளும் அதேதான் இருந்தது. அப்பாவின் கத்தரிக்கோலையே எடுத்து இடது கையில் பொருத்தினேன். அது என்னவோ முரண்டு பிடித்தது. இரண்டு அலகும் ஒட்டாமல் விலகி நின்றன; 'கிச்' வரவில்லை, 'சளப்' என்று வந்தது. ஒரு ஸ்பிரிங்கைப் போட்டு இறுக்கி வழிக்குக் கொண்டு வந்தேன். இரும்பு பிடிவாதம் பிடித்தால் நான் விட்டுவிடுகிற ஆளா?

வேலை முடிந்த வாரம் அண்ணன் காரோடு வந்து சேர்ந்தான். உருவத்தைப் பார்ப்பது ஒரு காரணம். அம்மாவைக் கூட்டிப் போவதா இல்லையா என்று நேரில் பார்த்து முடிவு கட்டுவது இன்னொரு காரணம். என்னிடம் சொல்லாமல் மூன்று பெரிய பைகளையும் கொண்டு வந்திருந்தான். முடிவு கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று அப்போதே புரிந்துவிட்டது.

பின் அறையில் உருவத்தை வைத்து மேலே போர்த்தியிருந்த துணியை எடுத்தேன். அம்மா அந்த மணி மூடியைத் தடவினாள்.

"சைக்கிள் மணி தானே இது? பாவி, மழிச்ச தலை மாதிரியே இருக்கு," என்று சிரித்தாள்.

"சக்கரத்த சுத்தும்மா," என்றேன்.

சுற்றினாள். நல்ல கால் போனது, காத்திருந்தது, அடுத்த கால் வந்து சேர்ந்தது. கிச். அண்ணன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏய், அப்படியே இருக்குடி," என்றான். அவன் என்னைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் சுருங்கியது. சக்கரத்தை நிறுத்தினாள், திரும்பச் சுற்றினாள், திரும்ப நிறுத்தினாள்.

"இல்லையேடி," என்றாள். "கால் மாறிப் போச்சு."

"என்னம்மா மாறிப் போச்சு?"

"அவர் தாங்குறது இந்தக் கால் இல்ல, அந்தக் கால். கத்தரிக்கோலும் கை மாறியிருக்கு. எல்லாமே மாறியிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ராவி ராவி விரல் தேய்ந்தவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"அம்மா, நான் கண்ணால பாத்துருக்கேன்."

"நான் மட்டும் காதாலயா பாத்தேன்? தினம் தினம் அந்த முழங்கால்ல எண்ணெய் தேய்ச்சவ நான்டி. வலது கால்."

"அம்மா," என்று அண்ணன் குறுக்கே வந்தான், குரலைத் தணித்துக்கொண்டு, நோயாளியிடம் பேசுவது போல. எனக்கு அந்தக் குரலே பிடிக்காது. "நாங்க ரெண்டு பேரும் தனித்தனியா யோசிச்சு ஒண்ணையேதான் சொல்றோம். நீ ஒருத்தி மாத்திச் சொல்ற. கால் மட்டும்னா பரவால்ல, கையும் மாறிப் போச்சுன்னு சொல்ற. எல்லாம் தலைகீழா ஞாபகம் இருக்குன்னா... இதத்தான் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

அம்மா திருப்பிக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். வாய்ப்பேச்சில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. என் நாக்கே அவளிடமிருந்து வந்ததுதான். ஆனால் அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், எண்ணெய் தேய்த்த கை எது என்று தேடுகிறவள் மாதிரி.

"ரெண்டு பேரும் சொல்றீங்க," என்றாள் கடைசியில். "அப்போ எனக்குத்தான் போயிடுச்சு போல."

"அப்படி இல்லம்மா..."

"பால் மறந்தா மறந்துட்டுப் போகட்டும்டா. அவரே மறந்து போயிட்டார்னா நான் இந்த வீட்ல இருந்து என்ன பண்ணப் போறேன்? வர்றேன். நாளைக்கே போலாம்."

எழுந்து போய் அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்துக் கட்டிலில் வைக்க ஆரம்பித்தாள். ஜெயித்துவிட்ட அண்ணனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எனக்கு யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. ஒரு பரிசு கொடுக்கப் போய் அம்மாவின் வாயாலேயே வீட்டைக் காலி செய்ய வைத்துவிட்டேன். என்னை மாதிரி ஒரு முட்டாள் உண்டா?

மறுநாள் காலை கட்டிலில் இருந்தவை எல்லாம் பைகளுக்குள் போய்க்கொண்டிருந்தன. அந்த உருவம் வழியில் நின்று எல்லோர் காலையும் இடறியது. அம்மா அதன் பக்கம் திரும்பவே இல்லை. "இத முதல்ல அப்புறப்படுத்து" என்று அண்ணன் பல்லைக் கடித்தான். நான் அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் கடைக்குள் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் விட்டேன். மூடி வைக்க ஏதாவது கிடைக்குமா என்று தடுப்புக்குப் பின்னால் போனேன். குட்டை பெஞ்சு அங்கேயே இருந்தது. உட்கார்ந்தேன். முழங்கால் மோவாயில் இடித்தது. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் கொஞ்சம் அழுதேன்.

அண்ணன் என்னைத் தேடிக்கொண்டு கடைக்குள் வருகிற சத்தம் கேட்டது.

"ஆணி, எங்கடி இருக்க? என் மேல கோபமா?"

அவன் சமாதானம் பேச வந்தால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். கையில் கிடைத்ததை நோண்டுவான். தையல் மெஷின் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தான். அடி, கிச். அடி, கிச். தலையைத் தூக்கி இடைவெளி வழியாகப் பார்த்தேன்.

தூக்கிவாரிப் போட்டது. யாரோ ஒருவர் நடந்துகொண்டிருந்தார். அப்பா இல்லை. முந்தின நாள் அச்சு அசலாக அப்பாவாக இருந்த அதே உருவம், அதே முதுகு, அதே மணி மூடி, ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் நடை. தாமதிக்கிற கால் வேறு கால். கத்தரிக்கோல் வேறு கையில்.

"நிறுத்து!" என்று கத்தினேன். "இல்ல, நிறுத்தாத. சுத்து!"

"உனக்கு என்ன பைத்தியமா?"

"வாய மூடிட்டு சுத்துண்ணா!"

அவன் சுற்றினான். அப்போதுதான் நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அந்த இடைவெளியிலிருந்து நாற்காலி தெரியாது, தடுப்பு மறைக்கும். தெரிவது பக்கச் சுவரின் கண்ணாடி மட்டும். கடை முழுவதையும் கண்ணாடியில்தான் பார்க்க முடியும். நாங்கள் வளர்ந்த காலமெல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முடி வெட்டிவிட மட்டும் எங்களை உள்ளே விடுவார், அப்போதும் கண்ணாடிக்கு எதிரே உட்கார வைத்துத்தானே?

எழுந்து போய் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். அவன் தொப்பைக்கு அந்த இடம் போதவில்லை.

"எதுக்குடி இது?"

"பேசாம பாரு."

நான் போய்ச் சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்றும் முடிந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் தன் வலது கையைத் தூக்கிக் கண்ணாடியில் தெரிகிற கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகக் கையை இறக்கினான்.

"ரெண்டு சாட்சி, ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல," என்றான். "இந்த லட்சணத்துல நான் அடுத்தவங்க கணக்கப் பாக்குறேன்."

குத்திக் காட்ட எவ்வளவோ இருந்தும் வாய் வரவில்லை.

"ஆணி," என்றான். குரல் உடைந்திருந்தது. "நாம அப்பாவ நேரா பாத்ததே இல்லையா?"

அவன் அழுது நான் பார்த்தது அப்பா போன அன்றைக்குத்தான். இப்போது அந்தக் குட்டை பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் போய்ப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெஞ்சு முனகியது. அவன் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினான், அந்தக் காலத்து மாதிரியே, நல்ல வலி.

அப்புறம் அவனே எழுந்து அம்மாவிடம் போனான். அம்மா பையின் வாயை மூட முடியாமல் முட்டியால் அழுத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் பையை அவளிடமிருந்து வாங்கிக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினான்.

"ஏண்டா, மடிச்சு வச்சதெல்லாம்!"

"வலது கால்தாம்மா," என்றான். "நீ சொன்னதுதான் சரி. நாங்கதான் கண்ணாடியில பாத்துப் பாத்து மாத்தி ஞாபகம் வச்சிருக்கோம்."

விளக்கிச் சொன்னோம். ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து, பெஞ்சு, இடைவெளி, கண்ணாடி என்று உளறிக் கொட்டினோம். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். புரிந்ததும் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்துக் கண்ணை அழுத்திக்கொண்டாள்.

"எண்ணெய் தேய்ச்சவகிட்டயே கால் எதுன்னு சொல்லிக் குடுக்க வந்துட்டீங்களேடா," என்றாள். "ராத்திரியெல்லாம் தூங்கல நான். அவர் முகத்தையே மாத்தி வச்சிருக்கேனோன்னு போட்டோவ எடுத்து எடுத்துப் பாத்தேன்."

அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் தணிக்கையாளன் மறுபடி எட்டிப் பார்த்தான். "ஆனா பால் பாத்திரம் கரிஞ்சது நிஜம்," என்றான்.

"நிஜம்தான். யார் இல்லேன்னா?"

"தபால்காரர்?"

"அவன் ஏங்க-ன்னு கூப்பிட லாயக்கில்லாத ஆளுதான், தப்புதான்."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "உன் இரும்புக் குப்பையெல்லாம் எங்கயோ ஒரு கொட்டகையில போட்டு வச்சிருக்கியே. அத இங்க கடையில கொண்டு வந்து போட்டுத் தொலையேன். பகல்ல ஒரு ஆள் வீட்ல இருந்த மாதிரியும் இருக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "கண்ணாடியில எண்ணெய்க் கை பட்டுச்சுன்னா காத நறுக்கிடுவேன்."

அன்று மத்தியானமே கடைத் தரையில் உட்கார்ந்து அப்பாவைப் பிரித்தேன். அண்ணன் திருகாணிகளை எண்ணி எண்ணித் தம்ளரில் போட்டுக்கொண்டிருந்தான். அந்த வேலைக்கு அவனை விட்டால் ஆள் இல்லை. கால்களின் முட்டைச் சக்கரங்களை இடம் மாற்றி மாட்டினேன். கத்தரிக்கோலை வலது கைக்குக் கொண்டு வந்தேன். இரண்டு அலகும் தாமாகவே ஒட்டிக்கொண்டன. ஸ்பிரிங்கைக் கழற்றித் தூர எறிந்தேன். ஒரு தடவை விரலால் அழுத்திப் பார்த்தேன். கிச்.

அம்மா முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்து நாற்காலிக்கு எதிரே நின்றாள். அண்ணன் ஷட்டரைத் தூக்கினான். தெரு வெளிச்சம் உள்ளே வந்தது. அம்மா சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினாள். இடது கால் போய்க் காத்திருந்தது. வலது கால் சாவகாசமாக வந்து சேர்ந்தது.

சுற்றிக்கொண்டே இருந்தாள், உதடு மட்டும் 'ஏங்க' என்பது போல அசைந்தது.

நானும் அண்ணனும் முதலில் நேராகத்தான் பார்த்தோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர் யாரோ மாதிரிதான் இருந்தார். அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். சொல்லி வைத்த மாதிரி இருவர் தலையும் மெல்லப் பக்கச் சுவருக்குத் திரும்பின. கண்ணாடிக்குள் எங்கள் அப்பா வந்துவிட்டார். இடது காலைத் தாங்கிக்கொண்டு, இடது கையில் கத்தரிக்கோலோடு. அண்ணன் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

அம்மா திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"அங்க என்னத்தப் பாக்குறீங்க ரெண்டு பேரும்?" என்றாள். "ஆளு இங்கல்ல இருக்காரு."